ஒன்றேகால் கிலோ குளிர்

சித்திரை பதினெட்டாம் தேதி காலை பதினொன்றரை மணிக்கு, வேலூர் வெயில் நூற்றெட்டு டிகிரியைத் தொட்டுவிட்டு இன்னும் மேலே போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், சாயக்காரத் தெரு வக்கீலம்மா வீட்டு மொட்டைமாடியிலிருந்து ஒரு குளிர் படியிறங்கி வந்தது. ஏசி மெக்கானிக் தணிகாசலம் டூல்ஸ் பையோடு முன்னால் இறங்க, அது அவன் நின்ற இடத்தில் நின்று, நடந்த இடத்தில் நடந்து, அவசரமில்லாமல் பின்னால் இறங்கியது. கீழே பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த கன்னியம்மா முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, "போறப்ப கேட்ட சாத்தினு போப்பா, குளுருது" என்றாள். அவனும் சாத்திவிட்டுப் போனான்.

ஏன் இப்படி நடந்தது என்று அந்தத் தெருவில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. வேலூரில் கத்திரி வெயிலுக்கு மூன்று நாள் முன்னால் வாசலுக்கு ஒரு குளிர் வந்தால், நீ ஏன் வந்தாய், யார் அனுப்பினார்கள் என்று விசாரிக்கிற அளவுக்கு அங்கே எவருக்கும் புத்தி கெட்டுப்போகவில்லை. எப்படி நடந்தது என்பதை மட்டும் சொல்லிவிடலாம்.

வக்கீலம்மா வீட்டு ஏசிக்குப் பன்னிரண்டு வயது. கம்ப்ரசர் எரிந்து, உள்ளே எண்ணெய் கருகி, மாற்றியே தீரவேண்டும் என்ற நிலைக்கு வந்திருந்தது. கம்ப்ரசர் மாற்றுவதற்கு முறை என்று ஒன்று இருக்கிறது. மெஷினில் மிச்சமிருக்கும் கேஸைக் காற்றில் விடாமல், அதற்கென்று இருக்கிற இழுவை மெஷினை மாட்டி, காலி சிலிண்டருக்குள் இழுத்து, எடை போட்டு, மூடி வைக்க வேண்டும். அப்புறம் பழைய கம்ப்ரசரை எடுத்து, குழாய்க்குள் நைட்ரஜனை ஊதிக் கருகல் எண்ணெயைத் துரத்தி, வடிகட்டியைப் புதுசாகப் போட்டு, புதுக் கம்ப்ரசரைப் பற்றவைத்து, சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்து, கடைசியில் வேக்கம் பம்பை மாட்டி, உள்ளே ஒரு பொட்டுக் காற்றும் ஒரு சொட்டு ஈரமும் இல்லாமல் உறிஞ்சி முடிக்கிறவரை ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். தணிகாசலத்துக்கு மற்றதெல்லாம் தொந்தரவு, இந்தச் சும்மா உட்காருவது மட்டும் சித்திரவதை. ஐம்பது நிமிடத்தில் கம்ப்ரசர் மாற்றுகிறவன் என்று ஊரில் பெயர் வாங்கியவன் அவன். அந்தப் பெயரை அவன் வாங்கிய வழி எளிமையானது: வால்வைத் திறந்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கேஸைத் தெருவுக்கு விட்டுவிடுவான். வேக்கம் பம்பு அவன் வண்டிப் பெட்டியில் பழந்துணிக்கு அடியில் பதினேழு வருடமாகக் கன்னி கழியாமல் கிடந்தது.

ஊரில் எல்லாவற்றையும் முறையாகச் செய்கிற ஆள் ஒருத்தி இருக்கத்தான் செய்தாள். மார்க்கெட் பின்னால் கடை வைத்திருந்த ஷாகிரா பானு, ஐ.டி.ஐ. படித்தவள், முப்பது வயது, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு மாடியில் ஏறினால் வேலை முடியச் சாயங்காலம் ஆகிவிடும். ஊதிவிடுகிற கேஸையெல்லாம் சிலிண்டரில் பிடித்து வைக்கிறாளே என்று தணிகாசலம் அவளுக்கு 'கேஸ் கலெக்டரம்மா' என்று பெயர் வைத்திருந்தான். டீக்கடையில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பதும் அவன்தான்.

அன்றைக்கும் வழக்கம்போல வால்வைத் திறந்தான். "போ, போய்ச் சேரு" என்றான். அது உஸ்ஸென்று நீளமாக ஒரு மூச்சு விட்டு வெளியே வந்தது, ஆனால் எங்கும் போகவில்லை. பன்னிரண்டு வருடம் ஒரே செப்புக் குழாயில் சுற்றிச் சுற்றி வந்ததற்குத் தெருவில் யாரைத் தெரியும்? திறந்துவிட்ட கை ஒன்றைத்தான் அதற்குத் தெரியும். அந்தக் கையோடு சேர்ந்துகொண்டது.

முதல் நான்கு நாள் தணிகாசலம் ராஜாவாக இருந்தான். அவனைச் சுற்றி நாற்பது அடிக்கு மார்கழி, அதைத் தாண்டினால் அக்னி நட்சத்திரம். அவன் டீக்கடைக்கு வந்தால் பெஞ்சில் இடம் கிடைக்காது, அவன் எழுந்துபோனால் பெஞ்சில் ஆள் இருக்காது. ரேஷன் கடை வரிசையில் அவனை நடுவில் நிறுத்தினார்கள், முன்னாலும் பின்னாலும் சமமாகக் குளிர வேண்டுமாம். பூக்காரிகள் மல்லிகைக் கூடையை அவன் காலடியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டு வந்தார்கள். வெள்ளிக்கிழமை காலையை அம்மன் கோயில் பூசாரி கேட்டார், மதியத்தைப் பள்ளிவாசலில் கேட்டார்கள், ஞாயிற்றுக்கிழமையைப் பாஸ்டர் ஆறு வாரத்துக்கு முன்பதிவு செய்துகொண்டார், அவன் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவன் என்று ஒருவரும் கேட்கவில்லை. பின் தெருவில் எண்பத்தாறு வயதுக் கிழவர் ஒருவர் போய்ச் சேர்ந்தபோது, ஐஸ் பெட்டிக்குச் சொல்லி அனுப்புவானேன் என்று தணிகாசலத்தைத் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். வழக்கமாக அரை மணி ஒப்பாரி வைத்துவிட்டு விசிறிக்கொண்டே எழுந்துபோகிற பெண்கள் அன்றைக்கு முழு நாளும் உட்கார்ந்து வைத்தார்கள், அந்தக் கிழவருக்கு அவர் தகுதிக்கு மேலேயே அழுகை கிடைத்தது. அரசாங்கத்திலிருந்து ஓர் ஆபீசர் வந்தார், காதில் பஞ்சு வைத்துக்கொண்டு ஒரு ஃபாரத்தை நீட்டி, இந்தக் குளிர் வீட்டு உபயோகமா வணிக உபயோகமா என்று கேட்டார், பதில் வருவதற்குள் தும்மிவிட்டுப் போய்விட்டார்.

குறை சொன்னவர்களும் இருந்தார்கள். தணிகாசலம் குடியிருந்த வரிசையில் இட்லி மாவு பொங்கவில்லை, பால் உறை விட்டால் பாலாகவே இருந்தது. "தம்பி, எட்டு மணிலேர்ந்து வெடியற வரைக்கும் நீ பஸ் ஸ்டாண்டாண்ட படுத்துக்கோயேன், மாவு எழும்பட்டும்" என்று பெண்கள் வந்து கேட்டார்கள். அவனும் நல்லவன்போல இரண்டு ராத்திரி அங்கே படுத்தான். பஸ் ஸ்டாண்டில் வெளியூர்க்காரர்கள் பஸ் வந்தும் ஏறாமல் தூங்கினார்கள்.

இப்படியே போயிருந்தால் அவன் அந்த ஊருக்குச் சேர்மனாகவே ஆகியிருப்பான். ஆனால் சித்திரை இருபத்திரண்டாம் தேதி அவனுக்குப் பெண் குழந்தை பிறந்துவிட்டது.

தணிகாசலத்துக்கும் சசிரேகாவுக்கும் கல்யாணமாகி ஒன்பது வருடம். ஒன்பது வருடமும் விசேஷ வீடுகளில் என்ன கேட்பார்கள், எப்படிக் கேட்பார்கள், கேட்டுவிட்டு எப்படி உச்சுக்கொட்டுவார்கள் என்பதெல்லாம் சசிரேகாவுக்குப் பாடம். தலைப்பிரசவத்துக்கு அண்ணன் லோகநாதன் வீட்டுக்குப் போயிருந்தாள். எட்டாம் மாதத்திலேயே வலி வந்து, பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய், குழந்தை பிறந்தது. எடை ஒரு கிலோ அறுநூறு. செய்தி வந்தபோது தணிகாசலம் கல்யாண மண்டபம் ஒன்றில் மணமேடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். அங்கிருந்து ஓடினான், குளிரும் ஓடியது, தாலி கட்டுகிற நேரத்தில் மாப்பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டிய கதை இன்னும் அந்த வீட்டில் பேச்சாக இருக்கிறது.

ஆஸ்பத்திரி வார்டுக்குள் அவன் கால் வைத்ததும் கண்ணாடி சன்னலில் ஆவி படிந்தது. நர்ஸம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"யாருய்யா நீ? கூட இன்னாத்த இட்டுனு வந்துகீற?"

"கொழந்தையோட அப்பாங்க."

"அது தெரியுது. பின்னால கீறது யாரு?"

சொன்னான். அவள் ஆச்சரியப்படவில்லை. அவளுக்கு நாற்பது படுக்கை, இரண்டு நர்ஸ், ஆச்சரியத்துக்கு நேரமில்லை. அவனை வராந்தாவின் கடைசி வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் நிறுத்திவிட்டு, வார்டு வாசலுக்குத் திரும்பி வந்து கத்திச் சொன்னாள்: "இது எட்டு மாசத்துக் கொழந்தை. ஒடம்புல கொழுப்பே கெடையாது, தானா சூடு வெச்சுக்கத் தெரியாது. அம்மா மாரோட ஒட்டிப் போட்டுக்கணும். அம்மா ஓஞ்சா அப்பா சட்டையக் கழட்டிட்டு மாருல போட்டுக்கலாம். ரெண்டு கிலோவுக்கு மேல ஏற வரைக்கும் அதான் மருந்து. ஆனா ஒன்னாண்ட பால வெச்சா தயிர்கூட ஆவாதே, கொழந்தைய வெச்சா இன்னாத்துக்கு ஆவும்? நீ கிட்ட வராத. அவ்ளோதான்."

தணிகாசலம் வராந்தாவில் உட்கார்ந்து அழுதான். ஒன்பது வருடம் காத்திருந்துவிட்டு, குழந்தை வந்த அன்றைக்கு, தன் மார்புக்குத் தகுதியில்லை என்று ஒருத்தி சொல்லிக் கேட்கும்படி ஆகிவிட்டதே என்று அவமானமாகவும் ஆத்திரமாகவும் இருந்தது. அவன் அழுவதைப் பார்த்து நாலு நோயாளிகள் அவன் பக்கத்தில் வந்து பாயை விரித்துக்கொண்டார்கள்.

பத்தாம் நாள் தாயையும் பிள்ளையையும் லோகநாதன் தன் வீட்டுக்கு அழைத்துப் போனான். லோகநாதன் பஸ் கண்டக்டர். முன் படிக்கட்டில் நிற்கிறவனுக்குப் பின் படிக்கட்டிலிருந்து பேசிப் பழகிய தொண்டை. தாய்மாமன் என்ற பதவி கிடைத்ததும் அவன் செய்த முதல் காரியம், தேங்காய் எண்ணெய்ப் பாட்டில் ஒன்றைச் சன்னல் கட்டையில் வைத்ததுதான். வேலூரில் சித்திரை மாதத்தில் தேங்காய் எண்ணெய் கட்டியானதாக யாரும் கண்டதில்லை. அது வெள்ளை தட்டினால் தங்கை புருஷன் தெருமுனையில் வந்துவிட்டான் என்று அர்த்தம்.

"மாப்ள, அங்கியே நில்லுங்க! எண்ணெ கட்டினு வருது!"

"ஒரே ஒரு தபா, மச்சான். வாசப்படியிலேர்ந்து பாத்துட்டு ஓடிடறேன்."

"கம்பத்தாண்ட நில்லுங்க. அங்கேர்ந்தே தெரியும்."

தெரியவில்லை. மின்கம்பத்துக்கும் சன்னலுக்கும் இடையில் அறுபது அடி. சசிரேகா சன்னலில் நின்று ஒரு துணிச் சுருளை உயர்த்திக் காட்டினாள், அவன் அந்தத் துணியைப் பார்த்துக் கையாட்டினான். செல்போனில் அவள் குரல் வந்தது.

"மூக்கு உங்க மூக்குதாங்க. பாவம், பொண்ணுக்குப் போய் இந்த மூக்கு."

"இப்ப எவ்ளோ கீது?"

"ஒன்னு ஆறுநூத்தி நாப்பது. நேத்துலேர்ந்து ஏறல. எனக்கு ஒரு பக்கமா படுத்துப் படுத்து முதுவு போச்சு. அண்ணிக்கு மாருல போட்டுக்கக் கூச்சமாம். அண்ணன் போட்டுக்கறேன்னுச்சு, அதும் நெஞ்சு முடியப் பாத்துட்டுப் பாப்பா அலறுது." பிறகு சிரிப்பு போன குரலில் சொன்னாள்: "ஊருக்கெல்லாம் குளுரு வெச்சினு கீறீங்க, இதுக்குக் கொஞ்சம் சூடு இல்லியேங்க."

அன்றைக்குத்தான் தணிகாசலம் குளிரைத் தொலைக்கக் கிளம்பினான். குடியாத்தம் பஸ்ஸில் ஏறி, ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்தான். முட்டி பெயர்ந்தது, குளிர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து முட்டிக்கு ஒத்தடம் கொடுத்தது. தியேட்டரில் முன் கதவால் நுழைந்து இடைவேளையில் பின் கதவால் ஓடினான்; ஜனங்கள் இடைவேளை வரைக்கும் கைதட்டினார்கள், அதற்கப்புறம் அவனைத் தேடிக்கொண்டு அவர்களும் பின் கதவால் வந்தார்கள். திட்டிப் பார்த்தான், கல்லைப் பொறுக்கி எறிந்து பார்த்தான், கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுப் பார்த்தான், கற்பூரம் ஈரமாகி அணைந்தது. அவன் உட்கார்ந்தால் அது கழுத்தைச் சுற்றிக்கொண்டது, அவன் படுத்தால் கால்மாட்டில் படுத்துக்கொண்டது, அதற்கு அவனை விட்டால் யாரும் இல்லை என்பது அவனுக்கே தெரிய ஆரம்பித்தபோது கொஞ்சம் குற்ற உணர்ச்சியாகக்கூட இருந்தது.

கடைசியில் வெட்கத்தை விட்டு ஷாகிரா பானுவின் கடைக்குப் போனான். அவள் துப்பட்டாவைக் காதோடு சுற்றிக்கொண்டு அவனைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தாள்.

"இன்னாணா, ஒரு வழியா கேஸ் கலெக்டராண்ட மனு குடுக்க வந்துகீறீங்க."

அவன் தலை குனிந்துகொண்டான். அவளுக்கு அது போதுமாக இருந்தது. காலி சிலிண்டர் ஒன்றையும் வேக்கம் பம்பையும் எடுத்து முன்னால் வைத்தாள். "இதுல இருக்கிற காத்தெல்லாம் உறிஞ்சிட்டா உள்ள வெறும் வெறுமையா ஆயிடும். வெறுமைய கண்டா கேஸு தானா போவும். ஆனா முழுசா உறிஞ்சணும்ணா. நான் தொழுதுட்டு வரேன், அது வரைக்கும் பம்ப நிறுத்தாதீங்க."

அவள் அந்தப் பக்கம் போனாள். தணிகாசலம் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தான், பதினோராம் நிமிடம் பம்பை நிறுத்தி வால்வைத் திறந்தான். குளிர் அவன் தோளிலிருந்து இறங்கிச் சிலிண்டர் வாய் வரைக்கும் போனது, கழுவாத தொட்டியில் தண்ணீர் காட்டினால் மாடு பின்வாங்குமே, அப்படி ஒரு மோப்பம் பிடித்துவிட்டுப் பின்வாங்கியது. திரும்ப வந்து தோளில் ஏறிக்கொண்டது.

ஷாகிரா வந்து பம்பின் அளவு முள்ளைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "பத்து நிமிஷ வேக்கத்துல காத்தும் ஈரமும் அப்படியே கீது. இதுக்குள்ள நானே போவ மாட்டேன், அது போவுமா? பதினேழு வருஷமா மெஷினு வாயில்லாததுனால சும்மா இருந்துச்சு. இதுக்குத் தெரிஞ்சுபோச்சு."

அந்த நேரம் பார்த்து வக்கீலம்மாவிடமிருந்து போன் வந்தது. அவன் பதினெட்டாம் தேதி மாட்டிய புதுக் கம்ப்ரசர் மூன்று வாரத்திலேயே எரிந்துவிட்டது. கருகல் எண்ணெயைத் துடைக்காத குழாயில், காற்று போகாத மெஷினில், எந்தக் கம்ப்ரசரும் அதற்கு மேல் உயிரோடு இருக்காது. வக்கீலம்மா போனில் சொன்ன சட்டப் பிரிவுகள் ஷாகிராவுக்கும் கேட்டன. கேட்டுவிட்டு அவள் சிரித்தாள்.

"நல்லதா போச்சுணா. சிலிண்டர் லாட்ஜு மாதிரி, அதுல அது தங்காது. அதோட வூடு கெட்டுக் கெடக்கு, அத சரி பண்ணுங்க. நானும் வரேன், ஆனா ஸ்பேனர நான் தொட மாட்டேன். தொறந்துவுட்டது உங்க கை."

விஷயம் ஒரு மணி நேரத்தில் ஊருக்குத் தெரிந்தது, இரண்டாவது மணி நேரத்தில் ஊர் எதிர்ப்பு தெரிவித்தது. கத்திரி முடிய இன்னும் ஐந்து நாள் இருக்கும்போது குளிரை ஒரு தனியார் வீட்டு மெஷினில் அடைப்பது எந்த ஊர் நியாயம்? கவுன்சிலர் குப்புராஜ் தலைமையில், பூக்காரிகள், பாஸ்டர், பூசாரி, டீக்கடைக்காரர் எல்லோரும் வைகாசி பத்தாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்கு, 'குளிரைச் சிறை வைக்காதே' என்று அட்டை பிடித்துக்கொண்டு வக்கீலம்மா வீட்டு மாடிப்படியில் நிறைந்துவிட்டார்கள். முன்னால் மாவு பொங்கவில்லை என்று சண்டை போட்ட பெண்கள்கூட வந்திருந்தார்கள். நல்ல குளிர் கையைவிட்டுப் போகிறது என்றால் அதற்காகப் பழைய மாவை மன்னிக்கலாம்.

"ஊர் சொத்து!" என்றார் குப்புராஜ்.

"என் மெஷின்ல இருந்தது, என் சொத்து" என்றார் வக்கீலம்மா. "மூணு வாரமா என் குளுர்ல ஊரே படுத்துத் தூங்கியிருக்கு. அத்துமீறி நுழைஞ்சதுக்கு நான் இன்னும் யார் மேலயும் நோட்டீஸ் விடல. விடட்டுமா?"

இந்தச் சண்டைக்கு நடுவில் தணிகாசலம் மாடியில் வேலையைத் தொடங்கினான். போன முறை அவனே போட்ட கேஸை முதலில் சிலிண்டருக்குள் இழுத்து, எடை போட்டு, மூடினான். தன் வாழ்நாளில் முதல் தடவை. எரிந்த கம்ப்ரசரை எடுத்தான். நைட்ரஜனை ஊதினான், கறுப்பாகத் துப்பியது, மறுபடி ஊதினான், பழுப்பாகத் துப்பியது, வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருக்கிறவரை ஊதினான். வடிகட்டியை மாற்றினான், புதுக் கம்ப்ரசரைப் பற்றவைத்தான், சோப்பு நுரை தடவி ஒவ்வொரு மூட்டாகக் குனிந்து பார்த்தான். ஷாகிரா ரேஷன் கடைத் தராசைக் கடன் வாங்கி வந்து, வெளி மெஷினைத் தூக்கி அதன்மேல் வைத்துவிட்டு, குடைக்கடியில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தாள். பிறகு பம்பை மாட்டி ஓடவிட்டான்.

இனி ஒரு மணி நேரம் ஒன்றும் செய்யாமல் உட்கார வேண்டும்.

கூட்டம் அந்த ஒரு மணி நேரத்தில் பம்பைப் பிடுங்கியிருக்க வேண்டியதுதான். படியில் முண்டியடித்து மேலே வந்துவிட்டார்கள், குப்புராஜ் பம்பின் வயரைக் கையில் பிடித்தும் விட்டார். தணிகாசலம் எழுந்திருக்கவில்லை. "அண்ணே, எம் பொண்ணு ஒன்னு ஆறுநூத்தி தொண்ணூறு கீது. இன்னும் ரெண்டு கிலோ ஆவல. நான் அவ மொகத்தக்கூட பாக்கல" என்றான். கூட்டத்தில் சிலர் உச்சுக்கொட்டினார்கள். மனம் இளகியதா என்றால், அதைச் சொல்ல முடியாது. வெயில் நூற்றுப் பத்தில் நின்றது, அவர்கள் நின்ற நாற்பது அடிக்குள் மார்கழி இருந்தது, பன்னிரண்டு மணியிலிருந்து கோஷம் போட்டுத் தொண்டை வறண்டிருந்தது, மதியச் சாப்பாடு வேறு ஆகியிருந்தது. குப்புராஜ் வயரைப் பிடித்தபடியே கொஞ்சம் சாய்ந்துகொள்ளலாம் என்று சுவரில் சாய்ந்தார். பாஸ்டர் பூசாரியின் தோளில் சாய்ந்தார். பூக்காரிகள் அட்டைகளை விரித்து அதன்மேல் படுத்துக்கொண்டார்கள். கால் மணி நேரத்தில் போராட்டம் முழுவதும் குறட்டை விட ஆரம்பித்தது, படிக்கட்டு வரைக்கும், தெரு வரைக்கும், வாயைத் திறந்துகொண்டு ஊரே தூங்கியது.

தணிகாசலம் மட்டும் தூங்கவில்லை. நாற்பது நிமிடத்தில் கை பரபரத்தது. போதும், முள் இறங்கிவிட்டது, திற, என்று பதினேழு வருடப் பழக்கம் காதில் ஓதியது. கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். குளிர் அவன் முதுகுக்குப் பின்னால் எழுந்து நின்று குழாயைப் பார்த்துக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரிந்தது. ஐம்பது நிமிடம். ஒரு மணி. ஷாகிரா எழுந்து வந்து பம்பை நிறுத்தச் சொன்னாள், முள்ளைப் பார்த்துக்கொண்டு இன்னும் பத்து நிமிடம் நிற்கச் சொன்னாள். முள் அசையவில்லை.

"தொறங்கணா" என்றாள்.

திறந்தான். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவன் கழுத்திலிருந்து ஒரு சுற்று கழன்றது. தோளிலிருந்து இறங்கியது, முதுகிலிருந்து இறங்கியது, மாடியின் நாலு மூலையிலிருந்தும் தூங்குகிறவர்களின் மேலிருந்தும் தன்னைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, உஸ்ஸென்ற சத்தம்கூட இல்லாமல் குழாய்க்குள் நுழைந்தது. தராசு முள் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் ஒரு இழை மட்டும் அவன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"அன்னிக்கு அப்படி வுட்டது தப்புதான்" என்றான் தணிகாசலம். "உள்ள போ, கண்ணு. இனிமே யாரையும் அப்படி வுட மாட்டேன்."

அதுவும் போயிற்று. மெஷினின் தகட்டில் அச்சடித்திருந்த எடை ஒன்றேகால் கிலோ. தராசில் ஏறியது ஒன்றேகால் கிலோ. ஷாகிரா சொல்ல, தணிகாசலம் வால்வை மூடி, மூடியை இறுக்கினான். கீழே அறைக்குள் ஏசி ஓட ஆரம்பித்தது, வக்கீலம்மா கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டார். மாடியில் வெயில் திரும்ப வந்து எல்லார் முகத்திலும் உட்கார்ந்தது. வேர்த்து விறுவிறுத்து ஒவ்வொருவராக எழுந்து, எங்கே இருக்கிறோம் என்று பார்த்து, தணிகாசலத்தின் ஏழு தலைமுறையையும் திட்டத் தொடங்கும்போது, அவன் வண்டியை எடுத்துக்கொண்டு பாதித் தெரு போயிருந்தான்.

லோகநாதன் வாசலில் காலை அகட்டி நின்றான். சன்னல் கட்டையைத் திரும்பிப் பார்த்தான், எண்ணெய் தண்ணியாக இருந்தது. தணிகாசலத்தின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான், வேர்வையில் கை வழுக்கியது. மூன்று வாரமாக அவன் உடம்பில் வேர்வையே வந்ததில்லை.

"நாறுறீங்க மாப்ள" என்றான் லோகநாதன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "போய் ரெண்டு சொம்பு ஊத்தினு உள்ள போங்க."

குளித்துவிட்டு, துண்டை மட்டும் கட்டிக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். சசிரேகா துணியைப் பிரித்து, உள்ளேயிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜீவனை எடுத்து அவன் நெஞ்சில் குப்புறப் போட்டாள். மூக்கு நிஜமாகவே அவன் மூக்கு. அது ஒருமுறை முகத்தைச் சுளித்தது, அழலாமா என்று பார்த்தது, பிறகு வேண்டாம் என்று முடிவு செய்து கன்னத்தை அவன் நெஞ்செலும்பில் அழுத்திக்கொண்டது. தணிகாசலம் மூச்சை மெதுவாக விட்டான். கூரையில் ஃபேன் ஓடவில்லை, சன்னல் சாத்தியிருந்தது, அறை அடுப்பாகக் கொதித்தது, அவன் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது, அவன் துடைக்கவில்லை.

அப்போது அவன் வயிற்றில் வெதுவெதுப்பாக எதுவோ இறங்கித் துண்டில் பரவியது.

"ஐயோ, நனைச்சிட்டாளா!" என்று சசிரேகா குழந்தையைத் தூக்கக் கையை நீட்டினாள்.

"தூக்காத, இரு" என்றான் தணிகாசலம். "சூடா கீது."